புதுப் பிரசிடெண்டம்மாக்கள் செய்யும் தவறுகள் (நான் செய்தவையும்தான்)

போன மாதம் மன்னார்குடிப் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கிற ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "ஜெயிச்சா போதும்க்கா, ஆபீஸ் வேலையெல்லாம் எங்க வீட்ல பாத்துக்குவாங்க." 2006-இல் நானும் அச்சு அசலாக இதையேதான் சொன்னேன். 2016 வரை இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தேன். தயங்காமல் பேசு, தைரியமாக இரு என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்போது எங்களுக்கு பாங்க் டவுனில். குறுவை அறுப்பு நேரம், களத்தில் நெல் கிடக்கிறது, வானம் வேறு இருட்டிக்கொண்டு வருகிறது. கிளார்க் (இப்போது ஊராட்சிச் செயலர் என்கிறார்கள்) வந்து, "ஒவ்வொரு தடவையும் உங்களை எதுக்கும்மா அலைய வைக்கணும்? பத்து லீஃப்ல போட்டுக் குடுத்துடுங்க" என்றார். என் வீட்டுக்காரரும் "போட்டுக் குடேன்" என்றார். கையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டு, பத்திலும் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைக்கு வந்தார்கள். ஒரு செலவுச் சீட்டு, குளம் தூர்வாரியதற்கு. தேதியைப் பார்த்தால் கார்த்திகை மாதம். எங்கள் குளம் கரை தளும்பி, பிள்ளைகள் படித்துறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்த மாதம்! வந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏம்மா, முங்கி முங்கியா தூர்வாருனீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கிளார்க்கும் சிரித்தார். பணம் போனதைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது. துணைத் தலைவர் "தலைவரு போட்டிருந்தாங்க, நானும் போட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். தணிக்கைத் தடை, அதாவது அந்தச் செலவை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்ற குறிப்பு, என் தலையில் விழுந்தது. மூன்று பவுன் வளையலை அடகு வைத்து 18,500 ரூபாய் கட்டினேன். வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "படிச்சுப் பாத்துல்ல போட்டிருக்கணும்."

இப்போதுதான் காசோலைப் புழக்கம் குறைந்துவிட்டதே என்பீர்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கு டோங்கிள் என்று பென் டிரைவ் மாதிரி ஒன்று தருகிறார்கள். அதைச் செயலரின் மேசை டிராயரில் போட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த ஒரு தலைவரை நானே பார்த்தேன். என் பத்து லீஃப் பத்தோடு முடிந்தது. டோங்கிளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது.

தீர்மானப் புத்தகமும் இதே கதைதான். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே நாலு வரி இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டால், அந்த இடத்தில் நீங்கள் கேட்டே இராத தீர்மானம் ஒன்று முளைக்கும். கோடு போட்டு அடித்துவிட்டுப் போடுங்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் (தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் பிரிவு) ஆட்சியர் நடவடிக்கை எடுத்தால், நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். வீட்டுக்காரர் பெயருக்கு வராது.

உங்கள் நாற்காலியில் வீட்டுக்காரர்

வேண்டாம். ஒரு நாள்கூட.

துணைத் தலைவர் தேர்தலைக் கவனிக்காமல் விடுவது

தலைவரை ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடும் இல்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தபின், நாற்காலி கைவிட்டுப் போனவர்கள் நுழையும் கதவு இதுதான். 2006-இல் நான் மாலையும் கழுத்துமாகத் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தேன். உறுப்பினர்கள் வேறொரு வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொள்ளிடம் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே தெற்குத் திட்டையில், ஊராட்சிக் கூட்டத்தில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்திருந்த படம் 2020-இல் வெளியானதே, நினைவிருக்கிறதா? அந்த வழக்கில் துணைத் தலைவரும் சிக்கினார். பதவியேற்ற மறுநாளே ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் நீங்களே போங்கள்.

எந்தப் புடவை கட்டுவது என்று யோசிப்பது

அந்தக் காலக் கம்யூனிஸ்ட் தலைவர் மணலூர் மணியம்மை வேட்டி சட்டையும் கிராப்புத் தலையுமாக இதே ஊர்களில் நடந்துதான் பண்ணையாட்களைத் திரட்டினார். நீங்கள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாலும் கையெழுத்து செல்லும்.

ஆற்றைத் தூர்வாருவேன் என்று வாக்குக் கொடுப்பது

வெண்ணாறும் வெட்டாறும் நீர்வளத்துறை கையில். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஊர் உங்கள் வாசலில்தான் நிற்கும். மனு எழுதிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை, இவைதான் உங்கள் கையில் இருப்பவை. நடவு வயலில் இறங்கிப் பாடை தூக்கிப் போகிற தெருக்கள் இங்கே இன்னும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

கிராம சபையில் கணக்கைச் செயலரை வாசிக்க விடுவது

2022-லிருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபை. வரவு செலவை நீங்களே வாசியுங்கள், தடுக்கினாலும் பரவாயில்லை. இரண்டாவது முறை தலைவரானபோது நான் அப்படித்தான் செய்தேன். அப்படி வாசித்த முதல் நாள், தெருவிளக்குச் செலவைப் படித்துக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள். "எந்த லைட்டு ஆயி? எங்க தெருவுல ஒண்ணும் எரியலையே?" கிளார்க் குனிந்து பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார்.