பயோடீசல் ஊற்றப் போகிறீர்களா? பம்ப் பட்டறையில் தினமும் பார்க்கும் தவறுகள்

டீசல் விலையைப் பற்றிப் புலம்பாத வண்டிக்காரர் சங்ககிரியில் கிடையாது. அதனால் பயோடீசல் பக்கம் புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பழைய ஆட்கள் செய்த அதே தவறுகளைச் செய்துவிட்டு, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் டீசல் பம்ப் பட்டறைக்கும் வருகிறார்கள். தண்ணீர் கலந்ததை ஊற்றாதே, கேனை மூடி வை என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வடிகட்டிய எண்ணெயை பயோடீசல் என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பஜ்ஜிக் கடையில் மிஞ்சிய பாமாயிலை டின் டின்னாக வாங்குகிறார்கள். பழைய வேட்டியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசலோடு கலந்து ஊற்றிவிடுகிறார்கள். கேட்டால், "பயோடீசல்தானே அண்ணே" என்கிறார்கள்.

இல்லை, அது வெறும் எண்ணெய். அதை மெத்தனால் என்ற ஆல்கஹாலோடும் காஸ்டிக் சோடா போன்ற காரத்தோடும் வினைபுரிய வைத்து, அடியில் இறங்கும் கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரத்தைப் போக்கினால்தான் பயோடீசல். சமையல் எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. வினை முடிந்த பிறகுதான் அது டீசலுக்குக் கிட்டத்தில் வருகிறது. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

கொடுமை என்னவென்றால், வடிகட்டிய எண்ணெயிலும் வண்டி ஓடும். சைலன்ஸரில் வடை வாசம் வரும், ஓனருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், மேட்டில் பிக்கப் இருக்காது. காய்கறி லோடு ஓட்டும் ஒருவர் இப்படித்தான் வந்தார். நாசில் முனையைச் சுற்றிக் கரி கல்லாக இறுகியிருந்தது. டெஸ்டரில் மாட்டி அழுத்தினால் புகை போலப் பரவ வேண்டிய டீசல் நூலாக ஒழுகியது. டிப்ஸ்டிக்கை உருவினால் இன்ஜின் ஆயில் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டது. எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலைக் கெட்டியாக்கிவிட்டது. பிஸ்டன் ரிங்கும் காடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நாசில், ரிங், இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்ந்து, எண்ணெயில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு போய்விட்டது.

அவ்வளவுக்கும் பிறகு, "டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த அந்த ருடால்ஃப் டீசலே கடலை எண்ணெயில்தானே இன்ஜின் ஓட்டினார்?" என்று என்னிடம் வாதம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து இன்ஜின்களில் அழுத்திய காற்றை வைத்து எரிபொருளை ஊதி உள்ளே தள்ளினார்கள். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில், எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து போகும் டீசலுக்கு ஆயிரம் பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம். நாசில் ஓட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் என்ன செய்வது?

வாங்கும் இடத்தில் இரண்டு சோதனை போதும். ஒரு பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவில் வெள்ளையாக நுரைத்து நின்றால் சோப்பு மிச்சமிருக்கிறது, அல்லது வினை அரைகுறை. ஆனால் வடிகட்டிய எண்ணெய் இந்தச் சோதனையில் தப்பித்துவிடலாம். அதற்கு 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி சரக்கை விட்டுக் கலக்க வேண்டும். முழுதும் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய் முத்து முத்தாக நின்றால் அது பயோடீசல் ஆகவில்லை. நம் ஊர் வெயிலில் இந்தச் சோதனை ஏமாற்றும். ஏசி அறையில் செய்யச் சொல்லுங்கள். உண்மையிலேயே தயாரிக்கிறவரிடம் மெத்தனால் இருக்கும், கண் முன்னால் செய்து காட்டுவார். அந்த பேட்ச்சுக்கு, பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607 சோதனை அறிக்கையும் தருவார். இரண்டுக்கும் மழுப்பினால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே தயாரிப்பது

வேண்டாம். மெத்தனாலை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே தமிழ்நாட்டில் குற்றம். 2024இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அது என்ன செய்தது என்று பார்த்தோம்.

பி.எஸ்.6 வண்டியில் பரீட்சை

புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிதான் பி.எஸ்.6. அதில் கூடாது. பங்க் டீசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியில் எடுத்த எடுப்பில் டேங்க் நிறைய ஊற்றுவது

பயோடீசல் நல்ல கரைப்பான். பல வருடமாக டேங்கில் படிந்த கசடை எல்லாம் கிளப்பிக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். வண்டி நடு ரோட்டில் நின்றதும், "பயோடீசல் மோசம்" என்று பேச்சு. அடைத்தது உங்கள் டேங்க் அழுக்கு! டேங்கைக் கழுவிவிட்டு, 100 லிட்டருக்கு 10, 20 லிட்டர் என்று ஆரம்பியுங்கள். கையில் ஒரு ஃபில்டர் இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி உப்பிவிடும், அதையும் பாருங்கள்.

லிட்டர் விலையை மட்டும் பார்ப்பது

சுத்தமான பயோடீசலில் லிட்டருக்கு 7, 8 சதவீதம் சக்தி குறைவு. மைலேஜும் அந்த அளவுக்கு விழும். விலை வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் நஷ்டம்தான்.

பாமாயில் சரக்கோடு மலை ஏறுவது

பாமாயிலில் செய்த பயோடீசல் கலப்பில்லாமல் இருந்தால் 15 டிகிரி பக்கத்திலேயே மங்கி மெழுகு கட்டத் தொடங்கும். சங்ககிரி வெயிலில் இது யாருக்கும் தெரியவே தெரியாது. டிசம்பரில் கேரட் லோடுக்காக ஊட்டியில் ராத்திரி வண்டியை நிறுத்தினால் காலையில் தெரியும். டேங்கை வற்ற ஓட்டி, மேட்டுப்பாளையத்தில் பங்க் டீசல் நிரப்பிக்கொண்டு மேலே ஏறுங்கள்.