கீபோர்ட் நடுநடுவுல நின்னு போகுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

மொத்தமா செத்துப்போன கீபோர்டுன்னா பிரச்சனையே இல்ல, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாம். நல்லா அடிச்சுட்டே இருக்கும்போது ரெண்டு எழுத்த முழுங்கிட்டு, கடைக்கு எடுத்துட்டுப் போனா அங்க மட்டும் சமத்தா வேலை செய்யும் பாருங்க, அதுதான் உயிர வாங்கும். மும்பைல கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற லேமிங்டன் ரோடுல கேட்டா "நயா லே லோ" (புதுசு வாங்கிக்கோ)ன்னு ஒரே பதில்தான். நான் வாங்கல, அதே கீபோர்டுலதான் இத அடிச்சுட்டு இருக்கேன்.

1. கேப்ஸ் லாக் லைட்டப் பாருங்க

அடுத்த தடவ நிக்கும்போது வயரப் புடுங்காதீங்க, ரீஸ்டார்ட்டும் வேணாம். கேப்ஸ் லாக்க தட்டுங்க. அந்த லைட்ட போடுறது கீபோர்ட் இல்ல, கம்ப்யூட்டர். அதனால லைட் மாறுச்சுன்னா நீங்க அடிக்கிறது உள்ள போய்ச் சேருது, கோளாறு நீங்க அடிச்சுட்டு இருந்த சாஃப்ட்வேர்லதான். மாறலன்னா கனெக்‌ஷன், பவர், இல்ல அடுத்து சொல்லப்போற சமாச்சாரம். லைட்டே இல்லாத வயர்லெஸ் கீபோர்ட் வச்சிருக்கவங்க நேரா அடுத்ததுக்குப் போங்க.

2. ஃபில்டர் கீஸ்

லேசா, வேகமா தட்டுற கீய கண்டுக்காம விடுற விண்டோஸ் வசதி இது. வலது பக்க ஷிஃப்ட்ட 8 செகண்ட் அமுக்கிப் புடிச்சா விண்டோஸ் இத ஆன் பண்ணட்டுமான்னு கேக்கும், யோசனைல கைய வச்சுட்டே இருந்து அப்படியே என்டர் தட்டிட்டா முடிஞ்சுது கதை. அப்புறம் வேகமா தட்டுற எழுத்து எல்லாம் காணாமப் போகும். ஒரு கீய கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சா மட்டும் எழுத்து வருதுன்னா சந்தேகமே வேணாம், இதுதான். விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கீபோர்ட்னு போய் ஆஃப் பண்ணுங்க, அங்கயே அந்த ஷார்ட்கட்டையும் ஆஃப் பண்ணிடுங்க.

3. வயர்லெஸ்ஸா? டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகுற குட்டி ரிசீவர்) எங்க சொருகியிருக்கு?

என்னைப் பாடாப்படுத்தினது இதுதான். பேட்டரி மாத்தியாச்சு, டிரைவர் மாத்தியாச்சு, ஒன்னும் ஆகல. அப்புறம் கவனிச்சா எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஃபோட்டோ காப்பி ஆகுற நேரத்துல மட்டும்தான் எழுத்து விடுபடுது! காப்பி முடிஞ்சதும் ஒழுங்காயிடுது. டாங்கிள் இருந்தது கேபினெட்டுக்குப் பின்னாடி, ஹார்ட் டிஸ்க் வயருக்கு ஒட்டினாப்ல.

விஷயம் என்னன்னா யூஎஸ்பி 3.0ல டேட்டா ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமா ரேடியோ இரைச்சல் கிளம்பும், டாங்கிளும் அதே அலைவரிசைலதான் பேசுது. இன்டெல் 2012லயே இதப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்கு. கூடவே டாங்கிளுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல இரும்பு கேபினெட் வேற குறுக்க நிக்குது.

நீங்களும் சோதிச்சுப் பாருங்க, பெரிய ஃபைல் ஒன்ன காப்பி போட்டுட்டு நோட்பேட்ல விடாம அடிங்க. எழுத்து விடுபட்டுச்சுன்னா ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிள மேசை மேல, கீபோர்ட் பக்கத்துல கொண்டு வந்து வைங்க. நீல கலர் போர்ட்ட (பெரும்பாலும் அதுதான் 3.0) விட்டுட்டு கருப்பு போர்ட்ல சொருகினா இன்னும் நல்லது. பளபளன்னு இருக்குற ஹப் எதுவும் வேணாம், சாதா கேபிள் போதும்.

(ரீசார்ஜ் பேட்டரி போடுறவங்களுக்கு: அது 1.2 வோல்ட்தான், சாதா செல் 1.5. சில கீபோர்ட் சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி தீந்துச்சுன்னு சொல்லும்.)

4. வயர்டு கீபோர்ட், முதல் எழுத்து மட்டும் போகுதா?

சும்மா விட்டுட்டு திரும்ப வந்து அடிச்சா முதல் எழுத்து காணோம்னா, கரண்ட் மிச்சம் பண்றேன்னு விண்டோஸ் அந்த போர்ட்ட தூங்க வைக்குது. டிவைஸ் மேனேஜர்ல கீபோர்ட் பேருக்குக் கீழ தேடி ஏமாறாதீங்க, கீழ இறங்கி யூஎஸ்பி ரூட் ஹப்னு இருக்கும், அதோட ப்ராப்பர்ட்டீஸ்ல பவர் மேனேஜ்மென்ட் டேப். பவர் மிச்சம் பண்ண டிவைஸ ஆஃப் பண்ணலாம்ங்கிற டிக்க எடுங்க. ரூட் ஹப் ஒன்னுக்கு மேல இருந்தா எல்லாத்துலயும் எடுக்கணும்.

5. குறிப்பிட்ட சில கீ மட்டும்னா

அது அழுக்கு, இல்ல மழைக்கால ஈரம். நம்ம ஊர் ஜூலை மாசக் காத்துல எதுதான் துருப்புடிக்கல? வயரக் கழட்டிட்டு, கீ கேப்ப எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால பஞ்சுல தொட்டுத் துடைங்க, நல்லா காய விடுங்க. தண்ணி, சென்ட் எதுவும் வேணாம். டீ கொட்டின மெம்பரேன் கீபோர்ட்டுக்கு (கீக்குக் கீழ பிளாஸ்டிக் ஷீட் இருக்குற சாதா வகை) மட்டும் கடைக்காரர் சொன்னதே சரி, வேற வாங்கிடுங்க.

அப்டேட்: லேப்டாப்புக்கு என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதல்ல ஒரு யூஎஸ்பி கீபோர்ட்ட சொருகிப் பாருங்க, அது ஒழுங்கா ஓடுச்சுன்னா லேப்டாப் கீபோர்டோ அதோட ரிப்பன் கேபிளோதான். ஆனா நடுவுல இருக்குற கீ மேல தூக்கிட்டு நிக்குது, டச்பேட் க்ளிக் ஆகல, லேப்டாப்ப மேசைல வச்சா ஆடுதுன்னா கீழ பேட்டரி உப்பியிருக்கலாம். அமுக்கி சரி பண்ணப் பாக்காதீங்க, சார்ஜரக் கழட்டி, ஆஃப் பண்ணிட்டு அன்னிக்கே சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போங்க.