லிபோசக்‌ஷன் செய்துகொள்ளும் முன்: படிப்படியாகச் சில விளக்கங்கள்

லிபோசக்‌ஷன் என்பது தோலில் சிறு துளைகளிட்டு, மெல்லிய குழாய் மூலம் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை. அதற்கு முன்பான முதல் படியை வீட்டிலேயே முடித்துவிடலாம். நேராக நின்று, வயிற்றைத் தளரவிட்டு, தொப்புளுக்கு அருகில் உள்ள சதையைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கிடையே அகப்படுவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. லிபோசக்‌ஷன் மூலம் உறிஞ்சி எடுக்கக்கூடியது அது மட்டுமே. வயிறு முன்தள்ளியிருந்தும் சதை கையில் சிக்காமல் கெட்டியாக இருந்தால், கொழுப்பு பெரும்பாலும் தசைக்குப் பின்னால், குடலைச் சுற்றிப் படிந்திருக்கிறது. அங்கே குழாயைச் செலுத்த முடியாது என்பதால், அத்தகைய தொப்பைக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியுமே வழி.

அடுத்து, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். இது உடலின் வடிவத்தைத் திருத்தும் சிகிச்சை. எடையைக் குறைப்பதற்கோ சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துவதற்கோ உரியதன்று. ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் அதைப் பெரிய அளவாகக் கருதி, இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள். அந்த 5 லிட்டரிலும் முன்னதாக உள்ளே செலுத்திய உப்புநீர்க் கரைசல் கலந்திருக்கும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

மூன்றாவதாக, மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது. அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. பெயர்ப்பலகையில் 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று இருப்பது போதாது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் உள்ளதா என்றும், மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு உள்ளதா என்றும் பாருங்கள். மயக்க மருந்து நிபுணர் இறுதிவரை உடனிருப்பாரா, சிக்கல் நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா என்று நேரடியாகக் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

ஆஸ்பிரின், வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, மீன் எண்ணெய் என எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; சிலவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லக்கூடும். ஆனால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. புகைப்பிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது, ஜி.எஸ்.டி.யும் உண்டு.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாட்கள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசியும் என்பதால், படுக்கையில் பழைய துணி விரித்துக்கொள்ளலாம். இறுக்கமான அழுத்த உடையைச் சில வாரங்கள் அணிய வேண்டும். வீக்கம் முழுதாக வடிந்து உண்மையான வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், மனக்குழப்பம், கடும் காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், மறுநாள் பரிசோதனைக்குக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.