பிரெய்ல் டிஸ்பிளே வாங்கும் முன்: தமிழில் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெய்ல் டிஸ்பிளே என்பது கணினியிலோ பேசியிலோ உள்ள எழுத்தை, விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி. ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு பிரெய்ல் தொகுதிக்குக் கட்டம் என்று பெயர். 'கற்றுக்கொண்டிருக்கிறார்கள்' என்ற சொல்லில் 14 எழுத்துகள் உள்ளன. பிரெய்லில் அதே சொல்லுக்கு 26 கட்டங்கள் வேண்டும். 20 கட்டம் உள்ள டிஸ்பிளேயில் 'ற' வரைதான் விரலுக்குக் கிடைக்கும். பொத்தானை அழுத்தி அடுத்த வரிக்குப் போனால்தான் அந்த 'ற' உண்மையில் 'றா' என்பது தெரியும்.

மலிவான டிஸ்பிளே தேடும் தமிழ் வாசகர்கள் செய்யும் முதல் தவறு இந்தக் கணக்கைப் போடாததுதான். நானும் அதைச் செய்திருக்கிறேன். நான் முதன்முதலில் வாங்கியது 14 கட்டக் கருவி. பைக்குள் அடங்கும், விலையும் குறைவு, ஆங்கிலத்தில் படித்த எல்லாரும் அதைப் புகழ்ந்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆங்கிலப் பிரெய்லில் சுருக்கெழுத்து உண்டு. 'நாலெட்ஜ்' (knowledge) என்ற ஒன்பது எழுத்துச் சொல் தனியே வந்தால் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். தமிழுக்கான பாரதி பிரெய்ல் வேறு விதம். அகரம் ஏறிய மெய்க்கு ஒரு கட்டம் போதும். மற்ற உயிர்மெய்களுக்கு மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என இரண்டு. புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு, ஏனென்றால் புள்ளிக்கென்று தனிக்கட்டம் முன்னால் வருகிறது. 'அம்மா' ஐந்து கட்டம். 'சிங்கப்பூர்' பதினொன்று. என் 14 கட்டக் கருவியில் நம் ஊர்ப் பெயர் வந்தால் வரி ஏறக்குறைய நிறைந்துவிடும். சொல்லை உடைக்காமல் காட்டும் அமைப்பை இயக்கியிருந்தால் மிச்சக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கதை படிப்பதைவிடப் பொத்தான் அழுத்துவதுதான் அதிகமாக இருந்தது.

ஆகவே ஆங்கில வாசகர் ஒருவர் '20 கட்டம் தாராளம்' என்றால் அது அவருக்குத் தாராளம். தினமும் தமிழில் நீண்ட பக்கங்கள் படிப்பவருக்கு 32 அல்லது 40 கட்டம் வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து. கைக்காசு 20 கட்டத்துக்குத்தான் இடம் தருகிறது என்றால் தயங்காமல் அதை வாங்குங்கள். ஆனால் சொல் உடையாமல் காக்கும் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். சொல் பாதியில் முறிந்தாலும் வரி நிறைந்து வருவது வாசிப்புக்கு நல்லது.

விலை ஏன் கட்டத்தின் எண்ணிக்கையோடு இப்படி ஏறுகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான கருவியில் ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசிகள் (பிரெய்ல் எழுத்துக்கு ஆறு, கணினிக் குறிகளுக்குக் கூடுதலாக இரண்டு); மின்னழுத்தம் பட்டால் வளையும் மெல்லிய தகடு ஒவ்வோர் ஊசியையும் தூக்குகிறது. 40 கட்டம் என்றால் 320 ஊசிகள். அதனால்தான் அவை சில ஆயிரம் அமெரிக்க டாலரைத் தொடுகின்றன. இந்த நிலையை மாற்றப் பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் கூடி முயன்றதில் பிறந்ததே ஆர்பிட் ரீடர் 20. அது 500 டாலருக்கு அருகே சந்தைக்கு வந்தது. மும்பையில் உருவான 'பிரெய்ல்மீ'யும் ஏறக்குறைய அந்த விலை வரிசையைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது தவறு, விலை குறைந்ததன் காரணத்தைக் கேட்காமல் விடுவது. ஆர்பிட்டின் புள்ளிகள் தாளில் குத்திய புள்ளிகளைப் போல உறுதியாக நிற்கும். அழுத்திப் படித்தாலும் இறங்காது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் வரி மாறும்போது புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் எழுவதில்லை, ஓசையும் வரும். அமைதியான நூலகத்தில் அமர்ந்து படிக்கும் மாணவருக்கு அது பொருட்டு. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் இருக்கும் சிறு பொத்தான், அதாவது அழுத்திய இடத்துக்கே சுட்டியைக் கொண்டுபோகும் பொத்தான், ஆர்பிட் ரீடர் 20-இல் இல்லை. கதை படிக்க அது தேவையில்லை. அலுவலகத்தில் கடிதம் திருத்துபவருக்கு அது இல்லாவிட்டால் ஒவ்வோர் எழுத்துப் பிழைக்கும் அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டே நகர வேண்டும். வாங்கும் முன் 'நான் படிக்கப் போகிறேனா, எழுதித் திருத்தப் போகிறேனா' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் அட்டவணையை, அதாவது எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் எழ வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் பட்டியலை, சோதிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. நம் நாட்டில் ஒரே மின்னஞ்சலில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும். இரண்டும் அதே ஆறு புள்ளிகளைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 3, 4, 5 ஆகிய புள்ளிகள் எழுந்தால் தமிழில் 'ஆ'. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் அது 'ஏ', 'ஆர்' என்ற இரண்டு எழுத்துகள். எந்த அட்டவணை இயங்குகிறது என்பது தெரியாவிட்டால் விரல் திகைத்துப்போகும். திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். கணினியில் இலவசமான என்விடிஏ திரைவாசிப்பான் இருந்தால் கவலை குறைவு. அது பயன்படுத்தும் லிப்லூயி என்ற திறமூல மென்பொருளில் தமிழ் அட்டவணை உண்டு. கணினி இல்லாமல் கருவியிலேயே கோப்பைத் திறந்து படிக்க நினைப்பவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். சில மலிவான கருவிகள் முன்கூட்டியே பிரெய்லுக்கு மாற்றிய பிஆர்எஃப் கோப்பை மட்டுமே சரியாகக் காட்டும்.

இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018-இல் யுஎஸ்பி அமைப்பு பிரெய்ல் டிஸ்பிளேக்களுக்கென்று பொதுத் தரம் ஒன்றை அறிவித்தது. அதைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி இயக்கி மென்பொருள் தேவைப்படாது. ஆண்ட்ராய்டு பேசியோடு இணைக்க விரும்புவோர் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தியது இருக்கிறதா என்று பாருங்கள். அதில்தான் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்குக்குள்ளேயே பிரெய்ல் டிஸ்பிளேக்கான ஆதரவு வந்தது.

பழைய கருவியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் நான் வாங்கிய இரண்டாங்கைக் கருவியில், முதல் கட்டத்தின் மூன்றாம் புள்ளி எழவில்லை. அதனால் வரியின் தொடக்கத்தில் வந்த 'மரம்' எனக்குச் 'சரம்' ஆனது. 'க' எல்லாம் 'அ' ஆயின. கோப்பில்தான் பிழை என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பழுது பார்க்க அதை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது; போக வர அஞ்சல் செலவும் என்னுடையதே. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் 'ஃபார்' (for) என்ற சொல் ஆறு புள்ளிகளும் எழும் ஒரே கட்டம். இடைவெளி விடாமல் அதையே தொடர்ந்து தட்டி வரியை நிரப்புங்கள். விரலை ஒருமுறை ஓட்டினால் செத்த புள்ளி பள்ளமாகத் தெரியும். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஊசிகளுக்குள் இறங்கும் என்பதால், புதிய கருவியானாலும் கை கழுவித் துடைத்த பிறகே தொடுங்கள்.

பணத்தைப் பற்றிய தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. முழு விலையையும் சொந்தப் பணத்தில் கட்டிவிட்டு, பிறகு உதவித் தொழில்நுட்ப நிதியைப் பற்றிக் கேள்விப்படுபவர்கள் இருக்கிறார்கள். உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் அந்த நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. குடும்பத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கலாம். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் உங்கள் தேவையை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். முதலில் விசாரணை, பிறகு விண்ணப்பம், அதன் பிறகுதான் கொள்முதல். மானியம் கிடைக்குமானால், '20 கட்டம்தான் நமக்குக் கட்டுப்படி' என்ற முடிவே மாறக்கூடும். வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பவர்கள், 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிள்ளைக்காக வாங்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு விலைப்பட்டியலோடு போகாதீர்கள். அந்த விரல்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில் உதவிக் கருவிகளுக்கான டெக் ஏபல் காட்சிக்கூடம் இருக்கிறது. தோ பாயோ ரைசில் பார்வைக் குறையுள்ளோர் சங்கம் இருக்கிறது. எந்தக் கருவியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே காட்டும் ஆங்கில மாதிரி வரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் தமிழ்ப் பாடத்தில் ஒரு பக்கத்தைக் கோப்பாகக் கொண்டுபோய், பத்து நிமிடமாவது தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை பொத்தானை அழுத்துகிறது, எந்த இடத்தில் விரல் தயங்கித் திரும்புகிறது என்று பக்கத்தில் அமர்ந்து கவனியுங்கள்.