டெஸ்ட் ஆட்டோமேஷனில் டிசைன் பேட்டர்ன்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

முதல் டெஸ்ட் ஓடுவதற்கு முன்பே பேஜ் ஆப்ஜெக்ட், ஃபேக்டரி (ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் கிளாஸ்), சிங்கிள்டன் (மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்), மேலே ஒரு கியூகம்பர் (டெஸ்ட்டைச் சாதாரண மொழியில் எழுத உதவும் கருவி) அடுக்கு என எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடும் டீம்கள் நிறைய. இன்டர்வியூவில் கேட்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்தான். ஒவ்வொரு பேட்டர்னும், அதாவது கோடை அமைக்கும் ஒவ்வொரு பழகிய முறையும், ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்க வந்தது. அந்தத் தொல்லை உங்கள் புராஜெக்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதிகம் பயன்படுவதும் அதிகம் கெட்டுப்போவதும் பேஜ் ஆப்ஜெக்ட்தான். ஒரு பக்கத்தின் பெட்டி, பட்டன்களைக் கையாளும் கோடை ஒரு கிளாஸில் வைப்பதுதான் அது. ஸ்கிரீன் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் பலரும் 'யூசர்நேமை டைப் செய்', 'பாஸ்வேர்டை டைப் செய்', 'பட்டனை அழுத்து' என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மெத்தட் எழுதுகிறார்கள். நாளைக்கே பாஸ்வேர்ட் அடுத்த ஸ்கிரீனுக்குப் போனால், லாகின் செய்யும் எல்லா டெஸ்ட்டையும் திறக்க வேண்டும். அப்புறம் அந்த கிளாஸ் எதற்கு? 'லாகின் செய்' என்று ஒரே மெத்தட் இருக்கட்டும். அது அடுத்த பக்கத்தின் ஆப்ஜெக்டைத் திருப்பித் தரட்டும். தவறான பாஸ்வேர்டுக்குத் தனி மெத்தட் வையுங்கள், ஏனென்றால் அப்போது போய்ச் சேரும் பக்கமே வேறு.

பேஜ் ஆப்ஜெக்டுக்குள் அசர்ஷன் (முடிவு சரியா என்று பார்க்கும் வரி) வேண்டாம் என்று, பிரவுசரை இயக்கும் கருவியான செலினியத்தின் ஆவணமே சொல்கிறது. சரியான பக்கம்தான் திறந்ததா என்று ஆரம்பத்தில் பார்ப்பது மட்டும் விதிவிலக்கு. பெயரில் 'பேஜ்' இருப்பதால் பக்கத்துக்கு ஒரு கிளாஸ்தான் என்றும் இல்லை. மெனு, ஃபில்டர், கார்ட் போன்றவை பல பக்கங்களில் வரும்; அவற்றைத் தனி கிளாஸாகப் பிரித்து, தேவையான பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிப் பிரிக்காதவர்கள் எல்லாவற்றையும் பேஸ்பேஜில், அதாவது எல்லா பேஜ் கிளாஸுக்கும் பொதுவான தாய் கிளாஸில், கொட்டுவார்கள். கிளிக், ஸ்கிரீன்ஷாட், எக்செல் படிப்பது, டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் அங்கேதான். யாரோ ஒருவர் அங்கே இம்ப்ளிசிட் வெயிட் (எந்த எலிமென்ட்டைத் தேடினாலும் பொருந்தும் பொதுவான காத்திருப்பு) 10 விநாடி வைத்திருப்பார். இன்னொருவர் தன் பக்கத்தில் எக்ஸ்ப்ளிசிட் வெயிட் (குறிப்பிட்ட ஒரு நிபந்தனைக்கான காத்திருப்பு) 15 விநாடி வைப்பார். இரண்டும் கலந்தால் 20 விநாடி கழித்துக்கூட டைம்அவுட் ஆகலாம். இதுவும் செலினியம் ஆவணத்தில் இருக்கும் எச்சரிக்கைதான்.

அடுத்தது சிங்கிள்டன் டிரைவர், அதாவது பிரவுசரை இயக்கும் ஒரே டிரைவர் ஆப்ஜெக்டை எல்லா டெஸ்ட்டும் பகிர்வது. ஒவ்வொன்றாக ஓட்டும்வரை பிரச்சினை தெரியாது. டெஸ்ட்என்ஜியில் (ஜாவா டெஸ்ட்களை ஓட்டும் கருவி) பேரலல் போட்டு ஒரே நேரத்தில் பல டெஸ்ட்களை ஓட்டியதும் இரண்டு டெஸ்ட்கள் ஒரே பிரவுசரைப் பிடித்து இழுக்கும், தோல்வியும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் வரும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி டிரைவரை வைக்கும் த்ரெட்லோக்கல் போட்டு ஒட்டலாம். ஆனால் டிரைவரை மூடியதும் அதையும் காலி செய்யாவிட்டால், அதே த்ரெட்டில் வரும் அடுத்த டெஸ்ட்டுக்குச் செத்த செஷன் கிடைக்கும். டெஸ்ட்டுக்கே தனி டிரைவரைக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டில் ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயார் செய்து தரும் ஃபங்ஷன்) மூலம் இது எளிது. செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டின் டெஸ்ட் ரன்னர் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிய பிரவுசர் கான்டெக்ஸ்டை (குக்கீ முதலியவை கலக்காத தனி செஷன்) தானாகவே தருகிறது.

ஸ்கிரீன்பிளே பேட்டர்ன், அதாவது பக்கங்களுக்குப் பதிலாக யார் என்ன வேலை செய்கிறார் என்று டெஸ்ட்டை எழுதும் முறை? வாங்குபவர், விற்பவர், அட்மின் என்று பலர் ஒரே டெஸ்ட்டில் வந்துபோனால் யோசிக்கலாம். முப்பது டெஸ்ட் வைத்திருக்கும் சின்ன டீமுக்கு அது வீண் சுமை.

பழைய ஃப்ரேம்வொர்க்கைச் சரிசெய்ய நினைத்தால் மொத்தமாகத் திருப்பி எழுத வேண்டியதில்லை. கடந்த சில மாதங்களில் எந்த பேஜ் கிளாஸ் அதிகம் திருத்தப்பட்டது என்று கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் பாருங்கள். அதிலிருந்து தொடங்கினாலே பாதித் தலைவலி குறைந்துவிடும்.