அணுக்களுக்கும் வரப்பு வேண்டும்: சி மொழியில் இணை மூலக்கூறு இயக்கவியல்

அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, அவற்றைச் சிறுசிறு நேர அடிகளாக நகர்த்திப் பார்ப்பதே மூலக்கூறு இயக்கவியல். அந்தக் கணக்கைக் கணினியின் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதே இங்கே ‘இணை’. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் நான்கு கோர் கணினி ஒன்று கிடைத்தாலே இதற்குப் போதும். எடுத்துக்காட்டாக லெனார்டு-ஜோன்ஸ் திரவத்தை (மிக நெருங்கினால் விலக்கும், சற்றுத் தள்ளியிருந்தால் ஈர்க்கும் அணுக்களின் எளிய மாதிரி) எடுத்துக்கொள்வோம்: 32,000 அணுக்கள், அடர்த்தி 0.8442, வெட்டுத் தூரம் (இதற்கு அப்பால் விசையைக் கணக்கிடுவதில்லை) 2.5. தூரமெல்லாம் சிக்மா (ஏறக்குறைய ஓர் அணுவின் விட்டம்) அலகில். கனசதுரப் பெட்டியின் பக்கம் 33.592 வரும்.

படி 1: அரேக்கள்

அணுவுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் எழுதத்தான் முதலில் கை போகும். இடம், வேகம், விசை என ஒன்பது டபுள் (8 பைட் எண்), 72 பைட். நினைவகத்திலிருந்து செயலி ஒரே தடவையில் எடுக்கும் துண்டான கேஷ் வரியோ பெரும்பாலும் 64 பைட்தான். விசைக் கணக்குக்கு அண்டை அணுவின் இடம் மட்டும் போதும், அதாவது 24 பைட். மற்றவை வீணாக ஏறி இறங்கும். ஆகவே எக்ஸ், ஒய், இசட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரே வையுங்கள். வேகத்துக்கும் விசைக்கும் அப்படியே. அடையாள எண்ணுக்கும் ஓர் அரே வேண்டும், ஏனென்றால் அடுத்த படியில் அணுக்கள் நினைவகத்தில் இடம் மாறும்.

படி 2: வரப்பு

நம் வயலில் நிற்கும் தண்ணீர் கசிந்தால் வரப்பொட்டிய வயலுக்குத்தான் போகும். பெட்டியையும் அப்படி அறைகளாக வெட்டினால், ஓர் அணு தன் அறையையும் சுற்றியுள்ள 26 அறைகளையும் மட்டும் பார்த்தால் போதும்.

அறையின் பக்கம் 2.8-க்குக் குறையக் கூடாது. வெட்டுத் தூரத்தோடு 0.3 உபரி சேர்த்த அளவு அது; அணுக்கள் சற்று நகர்ந்தாலும் படி 3-இல் போடும் அண்டைப் பட்டியல் செல்லுபடியாகவே இந்த உபரி. 33.592-ஐ 2.8-ஆல் வகுத்தால் 11.997. இதை முழுமையாக்கி 12 என்று வைத்தால் அறை 2.7993 ஆகிவிடும், எப்போதாவது ஒரு ஜோடி பட்டியலில் விடுபடும். அரிதாக நடப்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். ஃப்ளோர் போட்டு (பின்னத்தை விட்டு) 11 என்றே வையுங்கள். 1,331 அறைகள், அறைக்குச் சராசரி 24 அணுக்கள்.

பிறகு மூன்று ஓட்டம்: அறைவாரியாக எண்ணுங்கள், கூட்டிக்கொண்டே போய் ஒவ்வோர் அறையின் தொடக்க இடத்தைக் குறியுங்கள், அணுக்களை அந்த வரிசையில் நகலெடுங்கள். தனித்தனி அரேக்களில் அண்டை அணுவைத் தாறுமாறாக எடுத்தால் மூன்று கேஷ் வரிகளைத் தொட வேண்டியிருக்கும். இந்த வரிசைதான் அந்தச் செலவைக் குறைக்கிறது.

படி 3: அண்டைப் பட்டியல்

27 அறைகளில் சுமார் 650 அணுக்கள் இருக்கும், 2.8-க்குள் வருபவை ஏறக்குறைய 78 மட்டுமே. அவற்றின் எண்களைப் பட்டியலிட்டு வையுங்கள். பட்டியல் போட்ட பிறகு எந்த அணுவாவது உபரியில் பாதியான 0.15-க்கு மேல் நகர்ந்துவிட்டால் படி 2-இலிருந்து மீண்டும் செய்ய வேண்டும்.

படி 4: திரெட்கள்

ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகளே திரெட்கள்; கோருக்கு ஒன்றாக நான்கு வைத்து அணுக்களைப் பகிர்ந்து கொடுப்போம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒரு ஜோடியை ஒருமுறை கணக்கிட்டு இரண்டு அணுவிலும் எழுதலாம். ஆனால் இரண்டு திரெட்கள் ஒரே அணுவில் ஒரே நேரத்தில் எழுதினால், நெல் மூட்டைக் கணக்கை இருவர் ஒரே சீட்டில் எழுதுவதுபோல் ஆகிவிடும்: இருவரும் 40 என்று பார்த்து, ஆளுக்கு ஒன்று கூட்டி 41 என்றே எழுதுவார்கள், ஒரு மூட்டை காணாமல் போகும். தொடக்கத்தில் முழுப் பட்டியலே (ஒவ்வொரு ஜோடியும் இரண்டு அணுக்களின் பட்டியலிலும் இருப்பது) நல்லது. கணக்கு இரட்டிப்பாகும், ஆனால் ஒவ்வொரு திரெட்டும் தன் அணுவின் விசையை மட்டுமே எழுதும். ஜோடி இருமுறை வருவதால் நிலையாற்றலைப் பாதியாக்க மறக்காதீர்கள். அதன் கூட்டலுக்கு, சி நிரலில் திரெட்களை அமைக்க உதவும் ஓப்பன்எம்பியின் ரிடக்‌ஷன் (ஒவ்வொரு திரெட்டும் தனியே கூட்டி, கடைசியில் ஒன்றுசேர்ப்பது) போதும். திரெட்டுக்கு ஒரு கட்டம் என நான்கு டபுள் அரே வைத்தால் நான்கும் ஒரே கேஷ் வரியில் உட்கார்ந்து வேகத்தைக் கெடுக்கும்.

ஒரு திரெட்டிலும் நான்கு திரெட்டிலும் ஒரே நேர அடியை ஓட்டி ஒப்பிடுங்கள். ஆற்றலின் கடைசி இலக்கங்கள் மாறலாம், கூட்டும் வரிசை வேறு. விசையில் வேறுபாடு தெரிந்தால், எங்கோ இரண்டு திரெட்கள் ஒரே இடத்தில் எழுதுகின்றனவா என்று முதலில் தேடுங்கள்.