எடின்பரோவில் குடும்பத்தோடு ஒரு நாள்: இரண்டு அரண்மனைகள், இரண்டு பப்கள்

கைக்குழந்தை, எட்டு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. இந்த மூவரையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் பழைய நகரை இரண்டு முறை சுற்றியிருக்கிறோம். முதல் முறை, பசியோடு ஒரு பப் வாசல் வரை போய்த் திரும்ப நேர்ந்தது. இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக அமைந்தது. அந்த இரண்டாம் நாளைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விசா, தங்குமிடம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மேலிருந்து கீழே நடங்கள்

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை நீளும் ராயல் மைல் தெரு சுமார் 1.8 கிலோமீட்டர். போகும் வழியெல்லாம் இறக்கம். அரண்மனையில் தொடங்கினால் அதே தூரம் ஏற்றமாகிவிடும், முழங்கால் தாங்காது. செல்பேசி வரைபடம் குறுக்கு வழி என்று காட்டும் 'குளோஸ்' சந்துகளை நம்ப வேண்டாம். அவற்றில் பல செங்குத்தான படிக்கட்டுகள்.

தள்ளுவண்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு, குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். கோட்டையில் கருங்கல் பாவிய சரிவு, அரண்மனையில் குறுகிய சுழல் படிக்கட்டு. இரண்டுக்கும் துணிப்பைதான் சரி. குடையும் வேண்டாம். அந்த ஊர்க் காற்று குடையைத் திருப்பிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு போதும்.

படி 2: டிக்கெட்

இரண்டு இடங்களுக்கும் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். ஹோலிரூட் இன்றும் மன்னரின் அதிகாரபூர்வ இல்லம். ஜூன் இறுதி, ஜூலைத் தொடக்கத்தில் அவர் வந்து தங்கும்போது பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. தேதியைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படி 3: காலையில் கோட்டை

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கோட்டைக்குள்ளேயே ஓர் அரச மாளிகை இருக்கிறது. அங்கே மரப்பலகை பதித்த ஒரு சிற்றறையில்தான், 1566 ஜூன் 19 அன்று ஸ்காட்லாந்தின் மேரி அரசிக்கு ஆறாம் ஜேம்ஸ் பிறந்தான். 1603-இல் இங்கிலாந்தின் மன்னனாகவும் ஆனவன் அவனே. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதிகூட இல்லாத அறை அது. என் மகள் அங்கே வெகுநேரம் நின்றாள். கதையின் மறுபாதி பிற்பகலில் வரும் என்று சொல்லி அழைத்து வந்தேன்.

1861 முதல் பகல் ஒரு மணிக்கு இங்கே பீரங்கி முழங்குகிறது. ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாள்களில் இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மணிக்குப் பிறகு பப்களில் இடம் கிடைப்பது கடினம். ஓசை தெருவிலேயே கேட்கும்.

படி 4: பப்பில் குழந்தைகள்

முதல் முறை இங்கேதான் நாங்கள் இடறினோம். பப் என்றாலே மதுக்கடை என்று அம்மா தயங்கினார். அந்த ஊரில் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடமும் அதுதான் என்று நான் தேற்றினேன். ஆனால் இரவு ஏழரை மணிக்குப் போய் நின்றபோது, குழந்தைகளுக்கு நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். கோபம் வந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது.

ஸ்காட்லாந்தின் 2005 உரிமச் சட்டப்படி, ஒவ்வொரு பப்பும் உரிமம் வாங்கும்போதே எந்த வயதுக் குழந்தைகளை, எத்தனை மணி வரை, எந்தப் பகுதியில் அனுமதிக்கும் என்று எழுதிக்கொடுக்கிறது. பணியாளர் மனமிரங்கினாலும் அதை மீற முடியாது. பக்கத்துப் பப்பில் ஒன்பது மணி வரை அனுமதி என்றால் இங்கும் அப்படித்தான் என்று நினைப்பது தவறு.

ஆகவே முன்பதிவுப் படிவத்தோடு நிற்காமல், தொலைபேசியில் கேளுங்கள்: குழந்தைகள் எத்தனை மணி வரை இருக்கலாம்? சாப்பாடு கட்டாயமா? எந்த அறையில் உட்கார வேண்டும்? சமையலறை எப்போது மூடும்? நான்காவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பப் திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும்.

பல பப்களில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கல்லாவில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். ஹாகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்வது. சைவ ஹாகிஸும் பல இடங்களில் உண்டு. அம்மா அதை விரும்பிச் சாப்பிட்டார்.

படி 5: பிற்பகலில் ஹோலிரூட்

இறங்கும் வழியில் 'வேர்ல்ட்ஸ் எண்ட்' பப் முன்னால் சாலையில் பதித்த பித்தளைக் கற்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பழைய நகரவாயில் நின்ற இடம் அது.

அரண்மனையில் மேரியின் அறைகளுக்குச் சுழல் படியில் ஏற வேண்டும். 1566 மார்ச் 9 இரவு, ஆறு மாதக் கர்ப்பிணியான அரசி உணவருந்திக்கொண்டிருந்தபோது, அவளுடைய செயலாளர் ரிச்சியோவை அங்கிருந்து இழுத்துச் சென்று குத்திக் கொன்றார்கள். காலையில் பார்த்த அறையில் பிறந்தவன் அன்று அவள் வயிற்றில் இருந்தான். இதைச் சொன்னதும் என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிறு குழந்தைகளுக்கு இந்தக் கதையைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 6: மாலையில் ஷீப் ஹெய்ட்

இந்தப் பப் ஆர்தர்ஸ் சீட் குன்றின் மறுபுறம், டட்டிங்ஸ்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1360 முதல் இங்கே மதுச்சாலை இருந்ததாகச் சொல்கிறார்கள். குன்றைச் சுற்றி நடக்கலாம். அம்மாவுக்காக நாங்கள் டாக்சியில் போனோம். பின்புறம் பழைய ஸ்கிட்டில்ஸ் தடம் உண்டு. பந்தை உருட்டி மரக்குச்சிகளை வீழ்த்தும் விளையாட்டு. தடத்தை முன்கூட்டியே பதிந்துவைப்பது நல்லது.

பின்சேர்க்கை 1: கைக்குழந்தைக்குத் துணி மாற்ற இடம் இருக்குமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்கும் பப்களில் அந்த வசதி கட்டாயம். அதுவும் அப்பாக்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வயதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 16 வயதுக்குட்பட்டவர். 16, 17 வயதினருக்கு நேரம் வேறாக இருக்கலாம்.

பின்சேர்க்கை 3: வாடகைக் கார் ஓட்டுபவர் ஒரு கோப்பைகூட அருந்த வேண்டாம். 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கிலாந்தில் அது 80. லண்டன் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.